தாளில் தந்தை வழி, ஊரில் தாய் வழி: மட்டக்களப்பில் உறவு தேடுதல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போனால் குருக்கள்மடத்தை அடுத்து வருவது செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, வாவிக்கு அப்பால் வயல்வெளியாகக் கிடக்கும் படுவான்கரை. கடலோரப் பக்கமான எழுவான்கரையின் இந்த ஊர்களை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு தம் முன்னோர் யார் எவர் என்று விசாரிக்கிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களில் பலருக்கோ தேட வேண்டியது முன்னோரையல்ல. 1990இல் பிடிபட்டுப் போன மகனை, 2004இல் கடல் கொண்டுபோன பிள்ளையை. முன்னது ஆர்வம், பின்னது துயரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் இரண்டு தேடலும் முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான். அரசாங்கத்தின் தாள்கள் ஓர் ஆளைத் தகப்பன் வழியாக அடையாளம் காண்கின்றன. மட்டக்களப்புச் சமூகம் அதே ஆளைத் தாய் வழியாக அடையாளம் காண்கிறது. ஒன்றை மட்டும் நம்பித் தேடுபவர் இரண்டு தலைமுறைக்கு மேல் போவது அரிது. இரண்டும் எங்கே குறுக்கிடுகின்றன என்று பார்ப்பவருக்கே முடிச்சு அவிழ்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தாளைப் பார்ப்போம். இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு 1867இல் தொடங்கியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன், தாய் விவரங்களுக்குக் கீழே இன்னொரு கூடு உண்டு: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அடுத்த கூட்டில் பூட்டனாரையும் கேட்பார்கள். குடும்ப வரலாறு தேடுவோருக்கு இது பெரிய கொடை. ஆனால் அது வரலாற்று அக்கறையால் வந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒருவரின் உரிமையைத் தகப்பன் பிறந்த இடத்தையும், தகப்பன் வழிப் பாட்டன் பூட்டன் பிறந்த இடத்தையும் வைத்துத்தான் அளந்தது. தாய் வழியாகவும் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் திருந்தியது 2003இல். ஆக, அம்மம்மாவின் பெயருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. போதாக்குறைக்குப் பெயர்கள். சின்னத்தம்பி, மூத்ததம்பி, இளையதம்பி, நல்லதம்பி, கதிராமத்தம்பி என்று ஒவ்வோர் ஊரிலும் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பத் திரும்ப வருபவை. குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், பிள்ளை காலத்தில் அது போய் இன்னொன்று வரும். பெண்ணுக்கோ கலியாணத்தோடு தகப்பன் பெயரும் போய்க் கணவன் பெயர் ஏறிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய பழைய பதிவுகளில் எழுத்துக்கூட்டல் எழுதியவரின் காதைப் பொறுத்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இந்தக் குழப்பம் உறைந்துபோகிறது: பாட்டனின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, ஊரில் எவருக்கும் தெரியாத ஒரு ‘கதிராமத்தம்பி குடும்பம்’ கனடாவில் முளைக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் விசாரித்தால் எந்தக் கதிராமத்தம்பி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஊர் எதிர்பார்க்கும் பதில் குடி. மட்டக்களப்புப் பகுதியில் பிள்ளை தாயின் குடியைச் சேரும். தாய் தன் தாயின் குடியை. வயிற்றுவார் என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். ஒரே குடிக்குள் கலியாணம் ஆகாது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடு வளவு பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் போன்ற பெரிய கோயில்களிலும், வைகாசிச் சடங்கும் திருக்குளிர்த்தியும் நடக்கும் கண்ணகி அம்மன் கோயில்களிலும் எந்தப் பூசை எந்தக் குடிக்கு, கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து வருவார் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. இது தமிழருக்கு மட்டும் உரியதும் அல்ல. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு, பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பு உட்பட. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் பல்லாண்டுக் கள ஆய்வின் பின் 2008இல் வெளியிட்ட நூல் இந்த அமைப்பைத் தமிழர், முஸ்லிம் இரு பக்கமும் வைத்து விரிவாகப் பேசுகிறது. சட்டமும் ஒரு காலத்தில் இதை ஏற்றிருந்தது. இப்பகுதியின் முக்குவர் சமூகத்துக்குரிய, முதுசச் சொத்து தாய்வழியே இறங்கும் முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாகப் பதிப்பித்தார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. ஒரு சட்டம் அச்சேறிய ஆண்டிலேயே செத்துப்போனது விநோதம்தான். ஆனால் சட்டம் போன பிறகும் வழக்கம் போகவில்லை. சீதனமாக வளவு கொடுப்பது இன்றும் நடக்கிறது.

இரண்டு வழிகளும் குறுக்கிடும் தாள் இந்தச் சீதன உறுதி. தேடுபவர்கள் பிறப்புப் பதிவில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக் காணிப் பதிவகத்தில் காட்டினால் போதும் என்று தோன்றுகிறது. நொத்தாரிசு எழுதும் உறுதியில் கொடுப்பவர் தாயும் தகப்பனும், பெறுபவர் மகள். இந்தக் காணி தமக்கு எப்படி வந்தது என்று முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் இருக்கும். அந்த முந்திய உறுதியும் பெரும்பாலும் ஒரு சீதன உறுதியாகவே இருக்கும். ஆகவே வளவைப் பின்தொடர்ந்து போனால் மகள், தாய், அம்மம்மா என்று பெண்களின் வரிசை தானாக வந்துவிடும். அதைவிடச் சுவையானது எல்லை சொல்லும் பகுதி. வடக்கே இன்னார் வளவு, கிழக்கே இன்னார் வளவு என்று எழுதியிருப்பார்கள். ஒரு தாய் தன் வளவைப் பிரித்துப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால், எல்லையில் வரும் அந்தப் பெண்கள் பெரும்பாலும் பெறுபவளின் அக்காவும் தங்கையும். எந்தப் பிறப்புப் பதிவிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்காத சகோதரிகள் வேலி எல்லையில் சேர்ந்து நிற்கிறார்கள். ஒரு கற்பனை உதாரணம்: அயல் ஊர்கள் இரண்டில் ‘சின்னத்தம்பி கதிராமத்தம்பி’ என்ற பெயரில் இருவர், வயதும் கிட்டத்தட்ட ஒன்று. பதிவேட்டால் மட்டும் இவர்களைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒருவர் கலியாணம் முடித்த வளவின் உறுதியும், அவருடைய சகோதரி பெற்ற சீதன உறுதியும் கையில் இருந்தால் தாய் யார் என்பது தெரிந்துவிடும். தாய் தெரிந்தால் குடி தெரியும். குடி தெரிந்தால் மற்றவர் வேறு ஆள் என்பது ஊரில் யாரைக் கேட்டாலும் உறுதியாகும்.

மரண அறிவித்தலும் இதே வகை. 1930இல் தொடங்கிய வீரகேசரியிலும் 1932இல் தொடங்கிய தினகரனிலும் வந்த அறிவித்தல்களை எடுத்துப் பார்த்தால் வாய்பாடு ஒன்றுதான்: காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் அருமை மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு சகோதரியும், இன்னாரின் மைத்துனியும் ஆவார். மகன் கொழும்பில், மகள் நோர்வேயில் என்று அடைப்புக்குறிக்குள் இடமும் வரும். பெண்ணின் தகப்பன் பெயரும் கணவன் பெயரும் ஒரே வாக்கியத்தில் அமைவது இங்கேதான். முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களும், அவற்றில் கல்வெட்டு என்ற பெயரில் வரும் பாடல்களும் இன்னும் விரிவாக வமிசம் சொல்பவை. இவற்றைச் சிற்றேடு என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவந்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஒதுக்காமல் சேர்த்து வைத்திருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளும் இந்தக் கரையின் வீடுகளில் இருந்த பெட்டிகளை என்ன செய்தன என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சேகரிப்பின் பெறுமதி தெரியும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். வாய்மொழியை நம்பலாமா? குடிகளின் தோற்றம் பற்றி மட்டக்களப்பு மான்மியம் சொல்பவை ஆதாரமாகுமா? எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த அந்த நூல், பதின்மூன்றாம் நூற்றாண்டு மன்னன் கலிங்க மாகன் குடிகளுக்கு உரிமை வகுத்தான் என்றெல்லாம் சொல்கிறது. அதை வமிச வரலாறாக எடுப்பது தவறு. யார் எந்த உரிமையைக் கோரினார்கள் என்பதற்கான சாட்சியாகவே அதை எடுக்க வேண்டும். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கதை வேறு, அம்மம்மாவின் தாய் யார் என்ற நினைவு வேறு. பின்னது ஒவ்வொரு கலியாணப் பேச்சிலும் சரிபார்க்கப்படுவது. குடியைப் பிழையாகச் சொன்னால் தங்கை முறையானவளுக்குத் தாலி கட்டியதாகிவிடும் என்பதால், பொய்க்கும் மறதிக்கும் அங்கே விலை உண்டு. அப்படி விலை வைக்கப்படாத விஷயங்களில், முக்கியமாக ஆண்டுகளிலும் வயதிலும், அதே நினைவு தாராளமாகத் தவறும். தாளோ நேர்மாறு: பிந்திய பதிவும் உத்தேச வயதுச் சான்றிதழும் நீங்கலாகத் திகதியில் உறுதி, உறவில் வறுமை. எதை எதற்காக நம்புவது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே நல்ல சாட்சிகள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சாதி பற்றியது. குடியைக் கிண்டினால் யார் உயர்ந்தவர், யாருக்கு முதல் மரியாதை என்ற பழைய சண்டைதானே மேலே வரும்? வரும். குடி வரிசை கோயில் மரியாதையோடும் சாதி அடுக்கோடும் பிணைந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஊர் வரலாறு என்ற பெயரில் வெளியான நூல்களிலும் தம் குடியின் பெருமைதான் பாதி. ஆனால் பதியாமல் விடுவதால் அடுக்கு அழியாது. மரியாதை கிடைத்தவர்களின் பெயர் செப்பேட்டிலும் கோயில் ஏட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. பதியாமல் விட்டால் தொலைவது கோயிலில் பங்கு கிடைக்காதவர்களின் தாய்மார் பெயர்கள்தான். குடியின் பெயரையும் பெருமையையும் விட்டுவிட்டு, மகள், தாய், அம்மம்மா என்ற சங்கிலியை மட்டும் எழுதினாலே தேடலுக்குப் போதும்.

காணாமற்போனோர் விஷயத்தில் இந்தச் சங்கிலி இன்னும் நேரடியாகப் பயன்படும். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அதற்கு இரண்டு மாதம் முந்தி, செட்டிபாளையத்துக்கு அயலிலுள்ள குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம் பயணிகளின் உடல்களைக் காத்தான்குடிக் குடும்பங்கள் இன்றுவரை கேட்கின்றன. நாடு முழுவதுமாகச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் பதிவான காணாமற்போனோர் 16,000 பேருக்கு மேல். புதைகுழி தோண்டப்படும் நாளில் எலும்பு யாருடையது என்று எப்படிச் சொல்வது? பெற்றார் உயிரோடிருந்தால் ஒப்பீடு எளிது. முப்பத்தைந்து ஆண்டு கழிந்த பின் பலர் இல்லை. பழைய எலும்பிலும் ஓரளவு தப்பி நிற்பது இழைமணி மரபணு. அது தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், மகள் மட்டுமே அதைக் கடத்துவாள். அதாவது அது போகும் பாதையும் வயிற்றுவார் போகும் பாதையும் ஒன்றே. காணாமற்போனவரின் பெரியம்மாவுடைய மகளின் மகன் கூட ஒப்பீட்டுக்கு இரத்தம் கொடுக்கலாம், அந்த உறவு எங்காவது எழுதப்பட்டிருந்தால். ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி பறித்த பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் இயக்கம் 1987இல் தேசிய மரபணு வங்கியையே உருவாக்க வைத்து, இதுவரை 130க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடித்திருக்கிறது. இழைமணி மரபணு ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு: தாய்வழி ஒத்துப்போகாவிட்டால் இவர் அவரல்ல என்று துணிந்து சொல்லலாம், ஒத்துப்போனால் மட்டும் இவர்தான் என்று சொல்லிவிட முடியாது. குடிப்பெயர் ஒன்று என்பதால் இரத்தம் ஒன்று என்றும் கொள்ளக்கூடாது.

நிச்சயமில்லாத உறவுக் கதை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதே வீதியில் தெற்கே கல்முனை ஆஸ்பத்திரி சாட்சி. கடற்கோளுக்குப் பின் அங்கே கொண்டுவரப்பட்ட ‘81ஆம் இலக்கக் குழந்தை’யை ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி கோரியவர்கள் ஒரே ஒரு தம்பதியர்தான் என்பது பிறகு தெரிந்தது. அவர்களே பெற்றார் என்று மரபணுப் பரிசோதனை காட்ட, 2005 பெப்ரவரியில் குழந்தை அவர்களிடம் போயிற்று. பெற்றார் தாமே என்று தாளில் நிறுவ வழியில்லாமல் அந்தத் தாய் ஏழு வாரம் அலைய வேண்டியிருந்தது.

காணாமற்போன பிள்ளைகளுக்காக வீதியில் போராடி நிற்கும் தாய்மார் கேட்பது வமிச மரமல்ல, பிள்ளையை யார் கொண்டுபோனார்கள் என்ற பதில் என்று சிலர் சொல்லக்கூடும். முழுக்க உண்மை. 2010இன் தற்காலிகச் சட்டம் மரணப் பதிவைக் கொடுத்தது, 2016இன் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொடுத்தது, அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தைக் கொடுத்தது. இவற்றில் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகிவிடவில்லை. உறவுப் பட்டியலும் ஆகாது. ஆனால் பதில் வரும் நாளில் அதைச் சரிபார்க்கும் வழி அப்பட்டியல்தான். அதைச் சொல்லக்கூடிய பெரியம்மாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர்களைப் பொதுவெளியில் போடுவதும் ஆகாது. அவை குடும்பத்தின் கையிலும் நம்பகமான ஒருவரிடமும் இருந்தால் போதும்.

ஆகவே இந்தக் கரையின் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முப்பத்தோராம் நாள் மலர் அச்சுக்குப் போகும்போது, இறந்தவரின் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும், தாயின் தாயுடைய பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். வளவு உறுதிகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலரில் ஒரு பிரதியை நூலகத்துக்கு அனுப்புங்கள்.