வளையக் கம்பி வெறும் கட்டுக்கம்பியா?

கான்கிரீட் உத்தரத்தின் நீளக் கம்பிகளைச் சுற்றி வளையங்கள் கட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டடத் தொழிலாளர் இவற்றை 'ரிங்' என்பர். "நீளக் கம்பி நகராமல் பிடிக்கத்தானே ரிங்? இரண்டைக் குறைத்தால் என்ன?" என்று கேட்போர் பலர். இக்கருத்து தவறானது, தூத்துக்குடி போன்ற கடற்கரையில் ஆபத்தானதும்கூட.

ஒரு சாக்கட்டியை இரு முனைகளிலும் பிடித்து முறுக்குங்கள். அது சுமார் 45 பாகை சாய்வில் உடையும். வெட்டு விசை சாய்வான திசையில் இழுவிசையாகச் செயற்படுவதே காரணம். சீராகச் சுமை ஏற்றிய உத்தரத்தில் வெட்டு விசை தாங்கிகளின் அருகே மிகுதி. கான்கிரீட்டின் இழுவலிமையோ அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எனவே அங்கே சாய்வான விரிசல் தோன்றும். அதன் இரு பக்கங்களையும் தைத்துப் பிடிப்பவை வளையங்களே.

வளையங்களின் இடைவெளியை 150 மி.மீ.இலிருந்து 300 மி.மீ. ஆக்கினால் அவை தாங்கும் பங்கு பாதியாகும். இடைவெளி உத்தரத்தின் ஆழத்தை மிஞ்சினால், விரிசல் எந்த வளையத்தையும் தொடாமலே செல்லக்கூடும். ஆகவேதான் ஐ.எஸ். 456 (2000) விதி, நிமிர்ந்த வளையங்களின் இடைவெளி பயனுறு ஆழத்தில் முக்கால் பங்கையோ 300 மி.மீ.ஐயோ, எது குறைவோ அதைத் தாண்டலாகாது என்கிறது. அதற்காக வளையங்களை அடுக்கிக்கொண்டே போவதிலும் பயனில்லை. ஓர் எல்லைக்கு மேல் கான்கிரீட்டே நசுங்கிவிடும்.

1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடியிலும் முத்துக்குளித்துறை நெடுகிலும் வீசுவது உப்புக்காற்று. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பது வளையமே. முதல் அடியும் அதற்கே. 8 மி.மீ. வளையம் சுற்றிலும் 1 மி.மீ. அரிக்கப்பட்டால் அதன் குறுக்குப்பரப்பில் 44 விழுக்காடு போய்விடும். 20 மி.மீ. நீளக் கம்பி அதே அளவு அரிக்கப்பட்டால் இழப்பு 19 விழுக்காடுதான்.

முறையாக வடிவமைத்த உத்தரம் வளைந்து முறிவதற்கு முன் தொய்ந்து எச்சரிக்கும். வெட்டு முறிவோ திடீரென நிகழ்வது. கனடாவின் லவால் நகரில் 2006 செப்டம்பர் 30-இல் ஒரு மேம்பாலம் இவ்வாறு இடிந்து ஐவர் மாண்டனர். அதன் தடித்த பலகத்தில் வெட்டு விசைக்கான கம்பி வைக்கப்படவில்லை.

கடற்கரைச் சூழலில் கம்பிக்கு 45 மி.மீ. கான்கிரீட் மூடல் வேண்டும் என்பது விதி. இதை நீளக் கம்பியிலிருந்து அளப்பது பிழை. வளையத்தின் வெளிப்புறத்திலிருந்தே அளக்க வேண்டும். வீடு கட்டுவோர் கான்கிரீட் போடுமுன் இரண்டைச் சரிபார்த்தல் நலம்: தாங்கியருகே வளையங்கள் வரைபடத்தில் உள்ளபடி நெருக்கமாக உள்ளனவா? கவர் பிளாக் வளையத்துக்கு அடியில் இருக்கிறதா? கான்கிரீட் இறுகிய பின் இவற்றைக் கண்ணால் பார்க்க வழியில்லை.