பிளாட்ஹெட் லாரி எஞ்சின்: பாணிகளும் பரீட்சைகளும்

வேகத்துக்காக எஞ்சினைத் திருத்தியவர்களின் கதையை யார் எழுதினாலும் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில்தான் தொடங்குகிறார்கள். மியூராக், எல் மிராஜ் என்று இரண்டு ஊர்ப் பெயர், கூரை கழற்றிய ரோட்ஸ்டர் கார்கள், வாயெல்லாம் புழுதி. லாரி என்ற சொல் அந்தக் கதையில் வருவதே அபூர்வம். ஆனால் அந்தப் புழுதியில் பறந்த ஃபோர்டு வி-8 எஞ்சின்தான் 1932 முதல் 1953 வரை அமெரிக்க லாரிகளில் மூட்டையும் சுமந்தது. சுமை வண்டிக்காரர்கள் செய்துகொண்ட திருத்தங்களுக்கும் ஒரு மரபு உண்டு; பந்தயக்காரர்களுடையதிலிருந்து முற்றிலும் வேறான ஒரு பரீட்சையும் உண்டு. அந்தப் பரீட்சைதான் கடினமானது என்பது என் கட்சி.

பிளாட்ஹெட் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்கு உள்ளேயே நிற்கும். ஹெட் என்பது பிளக் மாட்டத் துளையிட்ட ஒரு மூடி, அவ்வளவுதான். செய்வது மலிவு, பழுது பார்ப்பது சுலபம், மட்டமான பெட்ரோலிலும் முனகாமல் ஓடும். சிக்கல் எங்கே என்றால், கீழிருந்து வால்வு வழியாக மேலே வரும் கலவை பக்கவாட்டில் திரும்பி, மூடிக்கு அடியில் உள்ள குறுகலான சந்து வழியாக நுழைந்துதான் சிலிண்டரில் இறங்க வேண்டும். கம்ப்ரஷனை ஏற்ற ஹெட்டை இழைத்தால் அந்தச் சந்து இன்னும் குறுகும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். சந்தை அகலப்படுத்தினால் கம்ப்ரஷன் இறங்கிவிடும். இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ 1919-இல் ஒரு வழி காட்டினார்: பிஸ்டனுக்கு மேலே ஹெட்டை அநேகமாக ஒட்டினாற்போல் தாழ்த்தி, எரியும் இடத்தை வால்வுகளின் பக்கமாக ஒதுக்கினார். பிஸ்டன் மேலே வரும்போது கலவை பிதுங்கிச் சுழன்று வேகமாக எரிந்தது, நாக்கிங் குறைந்தது. பின்னால் வந்த நல்ல ஹெட்டுகள் எல்லாவற்றிலும் அவர் கை தெரியும். மூச்சா, அழுத்தமா என்ற இழுபறி மட்டும் தீரவில்லை. எல்லாப் பாணிகளும் அந்த இழுபறிக்குச் சொன்ன பதில்களே.

லாஸ் ஏஞ்சலிஸ் பாணி மூச்சின் பக்கம் சாய்ந்தது. கார்புரேட்டரிலும் கேம் ஷாஃப்டிலும் எட் வின்ஃபீல்டு முன்னோடி. விக் எடெல்ப்ராக் 1938-இல் ‘ஸ்லிங்ஷாட்’ என்ற இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டைக் கொண்டுவந்தார். ஃபில் வையாண்ட், எடி மேயர், பார்னி நவாரோ, ஆஃபன்ஹவுசர், கேம் ஷாஃப்டுக்கு எட் இஸ்கெண்டேரியன் என்று பட்டியல் நீளும். மேலே மூன்று ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர், இருபுறமும் பளபளக்கும் அலுமினிய ஹெட் என்றால் ரசிகர்களுக்கு அதுவே கோபுர தரிசனம்.

இந்தப் பாணியின் கைவேலை ‘ரிலீவ்’ செய்வதில் தெரியும். பிளாக்கை மேசையில் கிடத்தி, கேஸ்கெட்டை வைத்து ஓரம் கீறிக்கொள்வார்கள். சிலிண்டர்களில் துணியை அடைத்துவிட்டு, வால்வு சீட்டுக்கும் சிலிண்டர் வாய்க்கும் நடுவில் உள்ள இரும்பைக் கை கிரைண்டரால் ஏறக்குறைய 1/8 அங்குலம் தேய்த்து எடுப்பார்கள். ரொம்ப ஆழமாகப் போனால், மேலே வந்து நிற்கும் பிஸ்டனின் முதல் ரிங் அந்தப் பள்ளத்தில் எட்டிப் பார்த்துவிடும். போர்ட்டைக் குடையும்போது கை கொஞ்சம் தவறினாலும் தண்ணீர் ஜாக்கெட்டில் ஓட்டை விழும். பிளாக் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கேம் மாற்றுவதிலும் ஒரு வம்பு இருந்தது. ஆரம்ப கால ஃபோர்டு டேப்பெட்டில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத் தேய்த்துத்தான் கேப் வைக்க வேண்டும், ஒரு முறை கூடுதலாகத் தேய்த்தால் அந்த வால்வு போயிற்று. ஆகவே புதுக் கேமோடு திருகு வைத்த டேப்பெட்டும் வாங்கியாக வேண்டும். பாடுபட்டதற்குப் பலன் இல்லாமல் இல்லை. 1950-இல் பானவில் உப்புப் படுகையில், எடெல்ப்ராக் பாகங்கள் பூட்டிய மெர்குரி (ஃபோர்டு கம்பெனியின் இன்னொரு கார்) எஞ்சினோடு சோ-கால் ஸ்ட்ரீம்லைனர் என்ற பந்தயக் கார் மணிக்கு 200 மைலைத் தாண்டியது.

ஆனால் அந்த ஓட்டம் சில நிமிட விஷயம். லாரி முழு பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் அரை மணி நேரம் திணறிக்கொண்டே இருக்கும். அங்கேதான் ஃபோர்டு வி-8-இன் குறை அம்பலமாகும். எக்ஸாஸ்ட் வால்வுகள் ‘வி’யின் உள்பக்கம் இருக்கின்றன, புகை வெளியேறுவதோ வெளிப்பக்கம். எரிந்த வாயு பிளாக்கைக் குறுக்கே கடந்து, தண்ணீர் ஜாக்கெட்டுக்கு நடுவே புகுந்துதான் வெளியே வர வேண்டும். ரேடியேட்டர், எஞ்சினோடு சேர்த்துப் புகையையும் குளிரவைக்கிறது! போதாததற்கு ஒரு பக்கத்தில் நான்கு சிலிண்டருக்கு மூன்றே போர்ட். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாயில் புகை விடுகின்றன. அந்த நடு போர்ட்டில் தகடு வைத்துத் தடுப்பது இரு பாணிக்காரர்களுக்கும் பொதுவான வேலை.

லாரிப் பாணியின் முதல் வேலை ஜாக்கெட்டுக்குள் வார்ப்பட மணலும் துருவும் மிச்சமில்லாமல் பிளாக்கைக் கழுவுவது. யாரும் படம் எடுக்காத வேலை. அடுத்தது கிராங்க். 1949 முதல் மெர்குரியில் வந்த கிராங்குக்கு ஸ்ட்ரோக் 4 அங்குலம், ஃபோர்டுக்கு 3¾. மெர்குரி கிராங்கையும் அதற்கேற்ற பிஸ்டனையும் போட்டால் 239 கன அங்குலம் 255 ஆகும், இழுவை கூடும், வெப்பத் தொல்லை பெரிதாக ஏறாது. பந்தயக்காரர்கள் இதோடு நிற்காமல் சிலிண்டரை 3⅜ அங்குலத்துக்கு ரீபோர் செய்து, ஸ்ட்ரோக்கையும் 4⅛ ஆக்கி 296 கன அங்குலம் வரை போனார்கள். சிலிண்டர் சுவர் மெலிந்தால் வெப்பத்தைத் தாங்குவது யார்? சுமை வண்டிக்கு அது வேண்டாத ஆசை.

கேம் ஷாஃப்டிலும் இதே கதைதான். 1948-இன் எஃப்-1 லாரியில் வந்த வி-8-க்கு 3,800 சுற்றில் 100 குதிரைசக்தி. உச்ச இழுவை கிடைத்ததோ 2,000 சுற்றில். லாரி பிழைப்பது அந்த 2,000-ஐ ஒட்டித்தான். ‘ஃபுல் ரேஸ்’ கேமைப் போட்டால் இழுவை மேலே நகர்ந்துவிடும். காகிதத்தில் குதிரைகள் பெருகும், மேட்டில் வண்டி நிற்கும். ‘ரிலீவ்’ வேலையையும் லாரிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குறைந்த சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு மூச்சு ஏற்கெனவே போதும், அழுத்தத்தை எதற்குக் கரைப்பது?

டாட்ஜ் லாரிக்காரர்கள் தனிக் குடும்பம். கிரைஸ்லரின் ஆறு சிலிண்டர் பிளாட்ஹெட்டில் நான்கு மெயின் பேரிங். 1946-இல் வந்த பவர் வேகனில் 230 கன அங்குலம், ஸ்ட்ரோக் 4⅝ அங்குலம். இவ்வளவு நீள ஸ்ட்ரோக் வைத்த எஞ்சின் வேகச் சுற்றுக்குப் பிறந்ததல்ல. இதில் நல்ல பலன் தருவது ஹெட்டை 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை இழைப்பது. அடுத்து இரட்டைக் கார்புரேட்டர். ஒரே கார்புரேட்டர் நடுவில் இருந்து ஊட்டும்போது முதலும் கடைசியுமான சிலிண்டர்களுக்குக் கலவை சரியாகப் போய்ச் சேராது. இரண்டு வைத்தால் பந்தி சமமாகும். சக்தி கூடுவதைவிட இந்தச் சமநிலைதான் லாபம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இரண்டாகப் பிரித்து இரண்டு சைலன்சர் வைப்பவர்கள் சத்தத்துக்காகவும் வைக்கிறார்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் டாட்ஜ் எஞ்சினின் உயிர் வேறிடத்தில். வாட்டர் பம்பைக் கழற்றினால் பிளாக்குக்குள் நீளவாக்கில் ஒரு தகட்டுக் குழாய் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒவ்வொன்றுக்கும் நேரே குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சுவது அது. துருப்பிடித்து அரித்துப்போனால் பின்பக்கச் சிலிண்டர்களுக்குத் தண்ணீர் சரியாக எட்டாது; டெம்பரேச்சர் முள் ஒழுங்காகவே நிற்கும், உள்ளே கடைசி வால்வு கருகும். கொக்கி போட்டு இழுத்தால் பாதி கையோடு வரும், மீதி உள்ளேயே ஒடியும். அந்தக் குழாயை மாற்றாமல் ஹெட்டை இழைப்பவரை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரு பாணிகளுக்கும் நடுவில் நிற்பது ஆர்டன் ஹெட். ஸோரா ஆர்கஸ்-டண்டோவும் தம்பி யூராவும் நியூயார்க்கில் 1947 வாக்கில் கொண்டுவந்தது. வால்வுகளைப் பிளாக்கிலிருந்து மேலே தூக்கி, அரைக்கோள வடிவ அறை வைத்த அலுமினிய ஹெட். புகை பிளாக்கைத் தொடாமல் நேராக வெளியே போனது. இதை அவர்கள் செய்தது பந்தயத்துக்கு அல்ல, பாரத்தில் சூடேறிச் சோர்ந்த ஃபோர்டு லாரிகளுக்கு. விலையும் வேலைப்பாடும் லாரிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, பந்தயக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்த்திசையிலும் கடன் உண்டு. நவாரோ தன் ரோட்ஸ்டரின் பிளாட்ஹெட்டில் மாட்டிய சூப்பர்சார்ஜர், ஜி.எம்.சி. டீசல் எஞ்சினுக்குக் காற்று ஊத வைத்த புளோயர்.

ஃபோர்டு கம்பெனி தன் பங்குக்கு எஃப்-7, எஃப்-8 லாரிகளில் 337 கன அங்குல பிளாட்ஹெட் வி-8-ஐ வைத்தது, 145 குதிரைசக்தி. திருத்துவதற்குப் பதில் பெரிதாக்கிவிட்டார்கள். அதற்குள் மேல்வால்வு எஞ்சின்கள் சந்தையைப் பிடித்திருந்தன.

நம் ஊரில் இந்த மரபு வேர் பிடிக்கவில்லை. பம்பாயில் பிரீமியர் பூட்டிய டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் இங்கே ஓடின. ஆனால் பெட்ரோல் செலவு தாங்காத நாட்டில் ஹெட்டை இழைத்து என்ன பயன்? 1950களில் சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினைத் தயாரிக்கத் தொடங்கியபின், எஞ்சினையே இறக்கிவிட்டு டீசலை ஏற்றுவதுதான் இங்கே பிரதானத் திருத்தமாயிற்று.

பிளாட்ஹெட் வி-8-க்கு அதிக நாள் சோறு போட்டது பிரான்ஸ். ஃபோர்டின் பிரெஞ்சுத் தொழிற்சாலையை 1954-இல் சிம்கா எடுத்துக்கொண்டது. பிறகு பிரெஞ்சு ராணுவத்தின் சிம்கா-யுனிக் மார்மோன்-போக்கே லாரிகளில் 4.2 லிட்டர் பிளாட்ஹெட் ஓடியது. கிடங்கில் தங்கிய புது எஞ்சின்கள் பின்னாளில் பெட்டியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறின. துருப்பிடிக்காத, விரிசல் விழாத பிளாக் கிடைக்காமல் தவித்த ஹாட் ராட் (வேகத்துக்காகத் திருத்திய கார்) பட்டறைகளில் அந்த லாரி எஞ்சினுக்கு நல்ல கிராக்கி.