இளமையில் கணக்கு

ஒரு புஸ்தகத்திலிருந்து ஒற்றைக் கருத்தைப் பிய்த்து எடுத்து விளம்பரத்தில் ஒட்டுவது சினிமாக்காரர்கள் மட்டும் செய்கிற காரியம் என்று எண்ணியிருந்தேன். சென்ற மாதம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒரு துண்டுப் பிரசுரம் அந்த எண்ணத்தைப் போக்கிற்று. வடசேரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் கூட வந்திருந்தாள். கணிதப் பரீட்சைகளுக்குச் சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தயார் செய்வதாகச் சொல்லும் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரம். கணிதம் என்பது வாலிபர்களின் சொத்து என்ற பொருளில் பெரிய எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே ஹார்டி என்ற பெயர்.

"அண்ணாச்சி, ஒலிம்பியாடு பரீட்சைய இந்த வருஷமே எழுதணும்னு சொல்லுகான். இப்பமே சேந்து எழுதல்லேன்னா பிந்திப் போயிருமாம். இவ என்னடான்னா அடுத்த வருஷம் பாக்கலாம்னு நிக்கா. வயசு போனா கணக்கு வராதுன்னு வெள்ளக்காரனே எழுதி வச்சிருக்கானாம்லா?"

வெள்ளைக்காரன் எழுதி வைத்தது உண்மைதான். ஆனால் என்ன எழுதி வைத்தான், எந்த நிலையில் எழுதி வைத்தான் என்பதைப் பார்க்க வேண்டாமா? கணக்கில் எனக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. புஸ்தகம் வாசிக்கத் தெரியும். ஆகவே நண்பருக்கு அன்று திண்ணையில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

'எ மாத்தமாட்டீஷியன்ஸ் அப்பாலஜி' 1940இல் வெளிவந்த சிறு நூல். ஒரே மாலையில் வாசித்து முடித்துவிடலாம். ஹார்டிக்கு அப்போது வயது அறுபத்துமூன்று. அதற்கு முந்திய வருஷம்தான் இருதய நோய் தாக்கியிருந்தது. புதிதாகக் கணிதம் செய்யும் சக்தி தன்னைவிட்டுப் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கணிதம் செய்ய முடியாதவன் கணிதத்தைப் பற்றி எழுதுகிறான் என்ற கசப்போடுதான் நூலையே ஆரம்பிக்கிறார். விமர்சனம், ரசனை, விளக்கம் இவையெல்லாம் இரண்டாந்தர மூளைகளின் வேலை என்று முதல் பக்கத்திலேயே ஒரு போடு போடுகிறார். இப்போது நான் செய்துகொண்டிருப்பதும் அந்த வேலைதான். நாவல் எழுதுகிறவன் இரண்டாந்தரம் என்று எங்கும் சொல்லவில்லை. அதில் ஒரு ஆறுதல்.

இந்த நூலைக் கணித நூலாக வாசிப்பது தவறு. அது ஒரு கிழவரின் சோக காவியம். அதில் வயதைப் பற்றி வருகிற பகுதி ஒரு நோயாளி தன் நோய்க்குக் காரணம் தேடுகிற பகுதி. காரணம் தேடுகிறவன் சாட்சிகளைச் சரியாக விசாரிக்க மாட்டான். ஹார்டி யாரையெல்லாம் சாட்சிக்கு அழைக்கிறார் பாருங்கள்: காலுவா, ஏபெல், ராமானுஜன், ரீமான். காலுவா 1832இல் துப்பாக்கிச் சண்டையில் அடிபட்டுச் செத்தபோது வயது இருபது. ஏபெல் 1829இல் இருபத்தாறில் காசநோய்க்குப் பலியானார். ராமானுஜன் 1920இல் போனபோது முப்பத்திரண்டு. ரீமான் நாற்பதைக் காணவில்லை. இளமையில் செத்துப்போனவர்கள் எல்லாம் இளமையிலேயே சாதித்தார்கள் என்று சொல்லுவதில் என்ன அதிசயம்? பிறகு சாதிக்க அவர்கள் எங்கே இருந்தார்கள்? கணிதத்தில் ஒரு நிரூபணத்துக்கும் இவ்வளவு இடம் கொடுக்காத மனிதர், தன் துக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதோடு, வாலிபம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஐம்பதைத் தாண்டியவர் ஒருவர் கணிதத்தில் பெரிய முன்னேற்றம் எதையும் தொடங்கிவைத்ததாகத் தனக்குத் தெரியாது என்பதுதான் அவர் வாதம். ஐம்பது! எங்கள் ஊர் விளம்பரக்காரர் அதைப் பதினான்காகக் குறைத்துவிட்டார். இன்னொன்றும் அந்த நூலிலேயே இருக்கிறது, யாரும் எடுத்துப் போடுவதில்லை. தான் மிக நன்றாக வேலை செய்தது நாற்பதைச் சற்றுத் தாண்டி, ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த காலத்தில் என்று ஹார்டியே சொல்கிறார். கட்சிக்காரரே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னது போல ஆயிற்று. ஐம்பதுக்கு மேல் யாருமில்லை என்ற பேச்சையும் 2013இல் யிடாங் ஜாங் என்ற சீனத்துக்காரர் முறித்துவிட்டார். ஐம்பதைத் தாண்டி வெகுநாளான பிறகு, அதுவரை பலரும் கேள்விப்பட்டிராத அந்த மனிதர், பகா எண்களின் இடைவெளி பற்றி உலகமே பிரமிக்கும்படி ஒன்றை நிரூபித்தார். ஹார்டி அதை வாசித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பகா எண்கள் அவருக்கு உயிர்.

வயதைப் பற்றிய பகுதியைவிட எனக்கு ருசியானது, பரீட்சையைப் பற்றி அவர் சொல்வது. சிறு பையனாக இருந்தபோது கணிதத்தின்மேல் பெரிய மோகம் எதுவும் தனக்கு இருந்ததில்லை, மற்றப் பையன்களை முந்துவதற்கு அதுதான் வசதியான வழியாக இருந்தது என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறார். பரீட்சை, உதவித்தொகை, இவைதான் அவர் மனசில் கணிதம். டிரினிட்டி கல்லூரிக்குப் போகும் ஆசைகூட ஒரு நாவலை வாசித்ததால் வந்ததுதான். நாவலின் பெயர் 'எ ஃபெல்லோ ஆஃப் டிரினிட்டி'. ஆலன் செயின்ட் ஆபின் என்ற புனைபெயரில் ஒரு பெண்மணி எழுதியது. இலக்கியமாகப் பார்த்தால் மட்டமான நாவல் என்பதை ஹார்டியே மறைக்கவில்லை. கடைசியில் கதாநாயகன் கல்லூரியின் பெரியவர்களோடு உட்கார்ந்து திராட்சை மது குடித்து வால்நட் பருப்புத் தின்கிறானாம். அந்தப் பருப்புக்காகத்தான் பையன் கணிதம் படித்தான். நல்ல நாவல் எழுத வேண்டும் என்று உயிரை விடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய அடி. எந்த நல்ல நாவலும் உலகத்துக்கு ஒரு ஹார்டியைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படிப் போனவருக்குக் கேம்பிரிட்ஜில் காத்திருந்தது டிரைப்பாஸ் பரீட்சை. தேறியவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவார்கள். அதற்கென்றே தனிப் பயிற்சியாளர்கள் உண்டு; வெப் என்ற பெயர்பெற்ற ஒருவரிடம் ஹார்டியையும் அனுப்பினார்கள். இன்று ராஜஸ்தானத்துக் கோட்டாவைப் பற்றிப் பேசுகிறோமே, அது அந்தக் கேம்பிரிட்ஜின் பேரப்பிள்ளை. ஹார்டிக்கு வெறுத்துப்போயிற்று. லவ் என்ற பேராசிரியர் பிரெஞ்சுக்காரர் ஜோர்தானின் பகுப்பியல் நூலை வாசிக்கச் சொன்ன பிறகுதான் கணிதம் என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்தது என்கிறார். பிற்காலத்தில் அந்த வரிசைப் பட்டியலை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1909தான் அதற்குக் கடைசி வருஷம். 1926இல் அந்தப் பரீட்சையே வேண்டாம் என்று ஒரு தலைமையுரையும் ஆற்றினார்.

ஆனால் விதியின் குறும்பைப் பாருங்கள். அவர் வெறுத்த அந்தப் பயிற்சித் தொழிலில்தான் ராமானுஜனுடைய வித்து கிடந்தது. 1903இல் கும்பகோணத்துப் பையன் கையில் கிடைத்த கார் என்பவரின் 'சினாப்ஸிஸ்' பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்த ஒரு டியூஷன் வாத்தியாரின் தொகுப்பு. ஐயாயிரம் அளவில் தேற்றங்கள். நிரூபணங்கள் பெரும்பாலும் பெயருக்குத்தான். அந்தக் கார் தாமே டிரைப்பாஸ் எழுதித் தேறியது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு! பரீட்சைக்காக உண்டான புஸ்தகத்தை வாசித்தவன், அதில் மூழ்கிப்போய்ப் பரீட்சையில் தோற்றான். உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ. பரீட்சையிலும் தோற்றான். பயிற்சிப் புஸ்தகம் என்றாலே விஷம் என்பவர்களுக்கும், பரீட்சைதான் திறமையின் உரைகல் என்பவர்களுக்கும் இந்த ஒரே கதையில் பதில் இருக்கிறது.

ஹார்டியிடம் எனக்குக் குறை ஒன்று உண்டு. பரீட்சை என்பதை அவர் ஓட்டப்பந்தயமாக மட்டும் பார்த்தார். அவருடைய பெற்றோர் ஆசிரியர்கள். பணக்காரர்கள் அல்ல என்றாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஒருவரைச் சொல்கிறேன். எஸ். எஸ். பிள்ளை. 1901இல் செங்கோட்டைக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது தாய் போனாள். பள்ளிப் படிப்பு முடியுமுன் தகப்பனாரும் போனார். ஓர் ஆசிரியரின் ஆதரவிலும் உதவித்தொகையிலும் இங்கே இன்டர்மீடியட்டும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.யும் படித்தார். இவருக்குப் பரீட்சை ஓட்டப்பந்தயமாகவா இருந்திருக்கும்? அடுத்த வேளைச் சோற்றுக்கு வாசல் அதுதான். அந்த வாசல் வழியாக உள்ளே போனபின் என்ன செய்தார் என்பதுதான் கதை. எந்த எண்ணையும் எத்தனை வர்க்கங்களின் கூட்டலாக, எத்தனை கனங்களின் கூட்டலாக எழுதலாம் என்று ஒரு பழைய கேள்வி. ஏழு என்ற எண்ணுக்கு நான்கு வர்க்கம் வேண்டும். இருபத்துமூன்றுக்கு ஒன்பது கனம் வேண்டும். ஆறாம் அடுக்குக்கு எழுபத்துமூன்று போதும் என்று 1940இல் நிரூபித்தவர் பிள்ளை. ஹார்டி தன் புலம்பலை அச்சுக்குக் கொடுத்த அதே வருஷம். பிள்ளைக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. 1950 ஆகஸ்ட் 31ஆம் தேதி அமெரிக்காவுக்குப் போகும் வழியில், எகிப்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். எங்கள் ஊரில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒன்பது பேருக்கு அவர் பெயர் தெரியாது. விளம்பரத்துக்கு ஹார்டி போதும் போலிருக்கிறது.

இனி நண்பரின் கேள்வி. எல்லாப் பரீட்சையும் ஒன்றல்ல என்பதை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஐ.ஐ.டி.க்கான 'அட்வான்ஸ்டு' பரீட்சையை முன்கூட்டி எழுதவே முடியாது. பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டி, அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டே தடவைதான் எழுதலாம். அங்கே அவசரம் என்பது பயிற்சிக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டுவதில் மட்டும்தான். ஒலிம்பியாடின் முதல் சுற்றை எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். மூன்று மணி நேரத்தில் முப்பது கேள்விகள். விடை இரண்டு இலக்கத்துக்குள் அடங்கும் எண். அதைத் தாண்டினால் ஆறே கேள்விகள், உட்கார்ந்து நிரூபணம் எழுத வேண்டும். ஒரு வருஷம் தோற்றால் அடுத்த வருஷத்துக்கு அது கணக்கில் ஏறாது. தேசியச் சுற்றில் தேறிய பிள்ளைகளுக்குச் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தில், 1989இல் சேஷாத்ரி தொடங்கினாரே அதில், நுழைவுப் பரீட்சை இல்லாமல் சேரவும் வழி உண்டு. ஆகவே தோற்கப் பயந்து தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. பிந்திவிடும் என்று பயந்து ஓட வேண்டியதும் இல்லை.

"அப்பம் எழுதலாம்னு சொல்லுகீயளா, வேண்டாம்னு சொல்லுகீயளா?" என்றார் நண்பர். கடைக்காரர் அல்லவா, விலையைச் சொல்லாமல் விடமாட்டார்.

நான் ஹார்டியின் 1898ஆம் வருஷத்தைச் சொன்னேன். டிரைப்பாஸ் முதல் பகுதியை மூன்று வருஷம் தயார் செய்துகொண்டு எழுதுவதுதான் அன்றைய வழக்கம். ஹார்டி இரண்டே வருஷத்தில் எழுதினார். நான்காவதாக வந்தார். முதலாவதாக வராதது, பந்தயத்தையே கேவலமாக நினைத்த மனுஷனுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது என்று ஸ்நோ அந்த நூலின் 1967ஆம் வருஷப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் சொல்கிறார். இன்னொரு வருஷம் இருந்திருந்தால் முதலாவதாக வந்திருக்கலாம். ஆனால் இன்னொரு வருஷம் வெப்பிடம் உட்கார வேண்டும். அந்த வருஷத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு மனுஷன் ஜோர்தானிடம் போனார் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். முன்கூட்டி எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் அது ஒன்றுதான், சனியனை முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது. ஓடுகிறவர்களில் முதலில் ஓட வேண்டும் என்பதற்காக எழுதுகிற பிள்ளை, எழுதி முடித்த மறுநாள் அடுத்த ஓட்டத்துக்குக் கச்சை கட்ட வேண்டியதுதான்.

"நீ ஏன் மக்களே அடுத்த வருஷம்னு சொல்லுக?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அதுவரை யாரும் அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் தகப்பனார் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பரீட்சைக்கு ஒண்ணுமில்ல பெரியப்பா. கிளாஸிலதான் சேர வேண்டாங்கேன். பழைய கேள்வித்தாள்ல மூணாவது கணக்கு எனக்கு நாலு நாளா வரல்ல. அங்க போனா போர்டில போட்டுக் காட்டிருவாவ."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கட்டணத்துக்காக முன்பணம் கொடுத்தாயிற்று என்பதைப் பிறகுதான் சொன்னார். திருப்பிக் கேட்டால் தருவார்களா என்று என்னைக் கேட்டார். அது ஹார்டியில் இல்லை. வகுப்பில் சேராமலே இந்த வருஷம் எழுதட்டும், மூன்றாவது கணக்கு வந்தாலும் வராவிட்டாலும் எழுதட்டும் என்று ஒருவாறு முடிவாயிற்று. துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் வெறும் தாளாக இருந்ததால் அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது திரும்பி நின்று கேட்டாள்: "பெரியப்பா, அந்த மட்டமான நாவல் உங்ககிட்ட இருக்கா?"