இடமறிந்து எழுதிய சீட்டு

சுருக்கெழுத்தையும் தட்டெழுத்தையும் மூலதனமாகக் கொண்டு ரெயிலேறி மும்பைக்கு வந்து, மாட்டுங்காவில் குடியமர்ந்து, கோட்டைப் பகுதிக் கம்பெனிகளின் கடிதப் போக்குவரத்தைத் தம் பென்சில் முனையில் தாங்கி நின்ற தமிழ் ஸ்டெனோகிராபர்களின் வேகத்தையே எல்லோரும் புகழ்வார்கள். எனக்கோ, அவர்களில் ஒருவரான என் பெரியப்பா தம் சொந்தக் காரியங்களை வகுத்துக்கொண்ட அழகே அதனினும் பெரிய கலையாகத் தோன்றுகிறது.

அவரிடம் ஒரு நோட்டும், சட்டைப் பையில் நான்கைந்து சீட்டுகளும் இருக்கும். நோட்டில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, பெருங்காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: 'பெண் கல்யாணம்', 'ஊர் வீட்டு ஓடு'. சீட்டுகளுக்கோ இடமே தலைப்பு: 'கோட்டை', 'தாதர்', 'செம்பூர்', 'டெலிபோன்'. 'கல்யாணம்' என்று எழுதி வைத்தால் அதை யாராலும் செய்ய முடியாது. 'சாஸ்திரிகளிடம் முகூர்த்தம் கேட்பது' என்று செம்பூர்ச் சீட்டில் எழுதினால், செம்பூரில் இறங்கியவன் கேட்காமல் திரும்பமாட்டான் என்பார். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அடுத்துச் செய்யவேண்டிய ஒன்றை மட்டும் எடுத்து, அது நிறைவேறும் இடத்தின் சீட்டில் ஏற்றுவார். வீட்டில் டெலிபோன் இல்லாத காலம். சில்லறையோடு கடைக்குப் போய், அந்தச் சீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஒரே மூச்சில் அழைத்துவிட்டு வருவார். முடிந்த வேலையின்மேல், தட்டெழுதியாகிவிட்ட குறிப்பை ஸ்டெனோ அடிப்பதுபோல, நேராக ஒரு கோடு விழும்.

முக்கியம், அவசரம் என்று தரம் பிரிப்பதே உத்தமம் என்பாருண்டு. தெற்கு வடக்காக நீண்டு, ரெயில் பாதைகளையே நரம்பாகக் கொண்ட மும்பையில், கிங்ஸ் சர்க்கிளில் வண்டி ஏறி, வடாலாவில் மாறிச் செம்பூர் போய் வந்தவன், மறந்துவிட்ட அற்ப வேலைக்காக மீண்டும் அங்கே போவதென்றால் ஒரு மாலைப்பொழுதையே தத்தம் செய்யவேண்டும் என்பதால், இங்கே இடமே பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம். 1890 முதல் சோறு சுமக்கும் டப்பாவாலாக்களின் குறிகளும், உள்ளே இருப்பது இன்ன சோறு என்று சொல்வதில்லை. எந்த நிலையம், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்றே சொல்கின்றன.

2001-இல் அமெரிக்கரான டேவிட் ஆலன், பல படிகள் வேண்டும் காரியத்தை 'ப்ராஜெக்ட்' என்றும், அதன் ஒவ்வொரு படியையும் செய்வதற்குரிய இடத்தை அல்லது சாதனத்தைக் 'கான்டெக்ஸ்ட்' என்றும் பிரித்து நூல் எழுதியதைப் படித்தபோது, பெரியப்பாவின் கையெழுத்தையே கண்டதுபோல் மனம் நெகிழ்ந்தேன். காலமறிதலை 49-ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை 50-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்த வள்ளுவர் போர்க்களத்து வேந்தனை நினைத்தே வைத்தாரெனினும், தாதர் நிலையத்தில் சீட்டைப் பிரித்துப் பார்க்கும் குமாஸ்தாவுக்கும் அவை உரியனவே.

ஞாயிறு காலை ஆஸ்திக சமாஜக் கோயிலில் தரிசனம் முடித்து வந்து, காபிக்குப் பின் பென்சிலைச் சீவிக்கொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். சீட்டுகளில் ஒரு வரிகூட இல்லாத பக்கம் கண்ணில் பட்டால், "இது தூங்கறதுடா" என்று என்னிடம் காட்டிவிட்டு, அதை எழுப்பும் ஒரு வரி கிடைக்கும்வரை பென்சிலை மேஜைமேல் தட்டிக்கொண்டிருப்பார்.