வாயைக் கட்டச் சொல்லும் வைத்தியம்

"வாயைக் கட்டுங்கம்மா!" முக்கூடல், சேரன்மகாதேவி பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் மூட்டுவலிக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சர்க்கரைக்கென்று போனாலும் கேட்டுத் திரும்பும் சொல் இது. எடை மெஷினில் ஏறியதும் எண்ணை உரக்கச் சொல்கிறார்கள். வரிசையில் அடுத்து நிற்பவர் பெரும்பாலும் சொந்தத் தெருக்காரர்.

அதட்டலுக்குப் பின்னால் அக்கறை இருக்கிறது. அதை மறுப்பது நியாயமில்லை. 2015-16இல் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு மிகை எடை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 40.4 சதவீதம். இதைக் கண்டும் பேசாதிருக்கும் மருத்துவர் கடமை தவறியவரே.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: நீ தின்கிறாய், சோம்பிக் கிடக்கிறாய். காலையில் பீடித்தட்டை மடியில் வைத்தவள் ஆயிரம் எண்ணி முடிக்கும்வரை எழுவதில்லை. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே! உடம்பு அசையவில்லை, உழைப்போ ஓயவில்லை. அவளைச் சோம்பேறி என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அவமானப்பட்டவள் அடுத்த தவணைக்குப் போகத் தயங்குவாள். மாத்திரையை மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்வாள். தெரு சிரிக்குமென்று காலை நடையையும் விடுவாள். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டு கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், பருமன் இல்லாதிருந்தவர்களில் எடைக்காக இழிவுபட்டோர் பருமனாகும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. திட்டினால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது.

நம்மூர்ச் சான்று இன்னும் முக்கியமானது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவு, நடை பற்றிய ஆலோசனை மட்டுமே பெற்றவர்களிடம் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. எடையோ சொல்லும்படி குறையவில்லை. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் அத்தனை பேரும் தோற்றவர்கள். அடுத்த வருகையிலும் திட்டுதான் கிடைத்திருக்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் மடியிலுள்ள தட்டைப் பார்க்கிறார். வரிசை இல்லை, வேடிக்கை பார்ப்பவர் இல்லை. ஆனால் வாசலில் நின்று "அக்கா, இன்னும் குறையலையே" என்று அவரும் உரக்கக் கேட்டுவிட்டால் தெருவே வரிசையாகிவிடும்.

எடை மெஷினைத் திரைக்குப் பின்னால் நகர்த்தத் தனி நிதி வேண்டாம். எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கலாம். "தட்டு எத்தனை மணி நேரம்மா மடியில இருக்கும்?" என்று கேட்டு, நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தைச் சுற்றிவர முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம்.