முக்காலியின் ஒரு கால்

ஜானட் மால்கம் எழுதி 1981-ல் வந்த 'சைக்கோஅனாலிசிஸ்: தி இம்பாசிபிள் புரொஃபஷன்' புத்தகத்தைப் போன வாரம் இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். நியூயார்க்கில் தொழில் செய்யும் 46 வயது உளப்பகுப்பாய்வாளர் ஒருவரோடு மால்கம் நடத்திய நீண்ட உரையாடல்தான் நூலின் முதுகெலும்பு. அவருக்கு 'ஆரன் கிரீன்' என்று புனைபெயர் வைத்திருக்கிறார். முதல் தடவை படித்தபோது சிகிச்சை பற்றிய புத்தகமாகத் தெரிந்தது. இந்தத் தடவை பயிற்சி பற்றிய புத்தகமாகத் தெரிந்தது.

ஏன்னா கிரீனை அரிக்கிற விஷயம் நோயாளிகள் மட்டும் இல்லை. தன்னை எப்போது 'பயிற்சிப் பகுப்பாய்வாளர்' ஆக்குவார்கள் என்பதும்தான். மாணவர்களைத் தன் சோபாவில் படுக்க வைத்துப் பகுப்பாய்வு செய்யும் உரிமை அந்த வட்டத்தில் சிலருக்கு மட்டுமே. வயது வந்த, படித்த, பல ஆண்டுகள் தன் மனதைத் தானே தோண்டிப் பார்த்த ஒரு மனிதர், மூத்தவர்கள் தன்னைக் கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மால்கம் இதைக் கேலி செய்யாமல் எழுதியிருப்பதுதான் நூலின் பலம்.

இந்தப் பயிற்சிமுறை எங்கிருந்து வந்தது? 1920-ல் மாக்ஸ் ஐடிங்கனும் எர்ன்ஸ்ட் ஸிம்மலும் பெர்லினில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். காசில்லாதவர்களுக்கும் பகுப்பாய்வு என்பது அதன் நோக்கம். அங்கேதான் பயிற்சிக்கு மூன்று கால்கள் முளைத்தன: பாடம் படிப்பது, மூத்தவர் மேற்பார்வையில் நோயாளியைப் பார்ப்பது, தானே ஒருவரிடம் பகுப்பாய்வுக்குப் போவது. நூறு வருஷம் கழித்தும் முக்காலி அப்படியே நிற்கிறது. இன்றைக்கு பிரிட்டனில் முதுநிலைப் படிப்பாக சைக்கோடைனமிக் கவுன்சிலிங் படிக்கிறவர்களும் பெரும்பாலும் இந்த மூன்றின் மேல்தான் உட்கார்கிறார்கள். வாரத்துக்கு நாலைந்து நாள் பகுப்பாய்வு என்பது வாரம் ஒருமுறை தெரபி என்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு கால்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பாடம் வேண்டும். சூப்பர்விஷன் கட்டாயம் வேண்டும். வந்தவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், சொல்லும்போது எனக்குள் என்ன ஓடியது என்று நினைவிலிருந்து எழுதிக்கொண்டுபோய் மூத்தவர் முன்னால் வைப்பது கடுமையான பயிற்சி. 'நான் ஏன் அந்த இடத்தில் அவசரமாக ஆறுதல் சொன்னேன்?' என்ற ஒரு கேள்வியிலேயே முழு மணிநேரமும் போய்விடும். அந்த அவசரம் வந்தவருக்காகவா, என் பதற்றத்துக்காகவா என்று கண்டுபிடிப்பதுதான் பாடம்.

மூன்றாவது கால்தான் ஆடுகிறது.

அதற்கான நியாயம் எளிமையானது, வலுவானதும்கூட. தன் நனவிலியைத் தெரியாதவர் மற்றவர் நனவிலியில் தடுக்கி விழுவார். எதிரே உட்கார்ந்து பேசுவது எவ்வளவு கூச்சம், எவ்வளவு பயம் என்று ஒருமுறையாவது அனுபவித்தவர்தான் வருகிறவரிடம் பொறுமையாக இருப்பார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டம் வாங்குவதற்காக ஒருவர் தெரபிக்குப் போனால், அது இன்னமும் தெரபிதானா?

ஸிக்ஃப்ரீட் பெர்ன்ஃபெல்ட் இதைப் பற்றி 1952-ல் ஓர் உரை ஆற்றினார். அவர் இறந்த பிறகு 1962-ல்தான் அது அச்சில் வந்தது. அதில் ஒரு சம்பவம் சொல்கிறார். தொழில் தொடங்கும் முன் பயிற்சிப் பகுப்பாய்வு செய்துகொள்ள வேண்டுமா என்று ஃப்ராய்டிடமே கேட்டிருக்கிறார். அதெல்லாம் வேண்டாம், ஆரம்பியுங்கள், சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற தோரணையில் பதில் வந்திருக்கிறது. ஃப்ராய்ட் அந்தப் பகுப்பாய்வை மதிக்காதவர் இல்லை. 1937-ல் எழுதிய கட்டுரையில், பகுப்பாய்வாளர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பவும் பகுப்பாய்வுக்குப் போவது நல்லது என்றுதான் சொல்கிறார். தேவை என்பது வேறு, விதி என்பது வேறு. பெர்ன்ஃபெல்டின் புகாரே, தேவையாக இருந்தது விதியாக இறுகியதைப் பற்றித்தான்.

மைக்கேல் பாலிண்ட் 1948-லேயே இன்னொரு ஆபத்தைச் சுட்டியிருந்தார்: இந்த முறை மாணவருக்கு விடுதலை தருவதற்குப் பதிலாக ஆசிரியரின் குரலை அவர் மனசாட்சிக்குள் குடியேற்றிவிடுகிறது. 1996-ல் ஓட்டோ கெர்ன்பெர்க், மாணவர்களின் படைப்பூக்கத்தை ஒழிப்பதற்கு முப்பது வழிகள் என்று கேலியாக ஒரு கட்டுரை எழுதினார். விண்ணப்பங்களை முடிந்த அளவு மெதுவாக நகர்த்துங்கள் என்பது அதில் ஒரு வழி. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷமே அவர் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவரானார். ஆக, விமர்சனம் வெளியாட்களுடையது மட்டும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கே தெரியும், ஆனாலும் முக்காலி அசையவில்லை.

இன்றைய முதுநிலைப் படிப்புகள் ஒரு தவறைத் திருத்தியிருக்கின்றன. தெரபிஸ்ட் மாணவரைப் பற்றிக் கல்லூரிக்கு மதிப்பீடு அனுப்பும் பழைய வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. எத்தனை மணிநேரம் வந்தார் என்று உறுதிசெய்தால் போதும். நல்லதுதான். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்துவிட்டது. ஆழம் அளக்க முடியாததாகி, மணிக்கணக்கு மட்டும் மிஞ்சியது. உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசினாலும் மணி மணிதான்.

அடுத்து காசு. மால்கம் அதிகார நாடகத்தை அருமையாகப் பிடித்த அளவுக்கு, யாரால் இந்த வாசலுக்கே வர முடிகிறது என்பதைப் பிடிக்கவில்லை என்பது என் குறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அமர்வுக்கு 50 பவுண்டு, வருஷத்துக்கு 40 வாரம் என்று வைத்துக்கொண்டால் 2,000 பவுண்டு. மூன்று வருஷத்துக்கு 6,000. படிப்புக் கட்டணம் தனி. மேலே, பயிற்சிக்காக நோயாளிகளைப் பார்க்கும் மணிநேரங்களுக்குப் பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. இத்தனைக்கும் பிரிட்டனில் 'கவுன்சிலர்' என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயரே இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஒழுங்காகப் படிக்க நினைப்பவர்தான் கடன்படுகிறார். பெர்லினில் காசில்லாதவர்களுக்காகத் தொடங்கிய இடத்தில் முளைத்த முறை, காசுள்ளவர்களை மட்டும் ஆலோசகராக்கினால் அதைவிட முரண் என்ன இருக்கிறது?

அப்போ மூன்றாவது காலை வெட்டிவிடலாமா? கூடாது. அதற்குத் துணையாக இன்னொன்றை நிறுத்தலாம். எஸ்தர் பிக் 1948-ல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தார். மாணவர் ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணிநேரம் போய், பிறந்த குழந்தையையும் தாயையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறிவுரை கூடாது, அங்கே உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் கூடாது. வீடு திரும்பிய பிறகு எழுதி, குழுவில் படிக்க வேண்டும். குழந்தை அழும்போது ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும். தூக்காமல், அந்தத் தவிப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். தன்னைத் தெரிந்துகொள்ள இதுவும் ஒரு வழி. ஆனால் இதற்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, யாரிடமும் நோயாளியாக நடிக்க வேண்டியதும் இல்லை. இன்றும் சில படிப்புகளில் இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்பேன்.

தெரபியை மாணவர் தனக்குத் தேவைப்படும்போது, தேவைப்படும் காலத்துக்கு, கல்லூரி உதவித்தொகையோடு தேடிப்போகட்டும். கட்டாயம் என்றால் செலவைக் கட்டாயப்படுத்துகிறவர்தான் ஏற்க வேண்டும். கிரீன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால், அவர் வாசல்வரை வந்தவர். வாசலே தெரியாமல் திரும்பிப்போனவர்களைப் பற்றி யாராவது ஒரு புத்தகம் எழுதினால் மூன்று தடவைகூடப் படிப்பேன்.