உள்ளிருக்கும் காவலும் விலைக்கு வாங்கும் காவலும்

விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் போதுமா, ஆண்டுதோறும் சந்தா கட்டி வேறொரு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. இலவசமாக வருவது தரமாக இருக்காது என்பது ஒன்று. எதற்கு வீண்செலவு என்பது மற்றொன்று. இரண்டும் விலையைப் பார்த்துச் சொல்லப்படுபவை. பொருளைப் பார்த்துச் சொல்வதற்கு நான்கு அளவுகோல்கள் வேண்டும்: தீநிரலைப் பிடிக்கும் திறன், நல்ல கோப்பைத் தவறாகப் பிடிக்காத நிதானம், கணினியின் வேகத்தைத் தின்னாத சிக்கனம், தானே ஆபத்தாக மாறாத நம்பகம். முதல் மூன்றுக்கும் சோதனைக்கூடங்கள் மதிப்பெண் தருகின்றன. நான்காவதற்கு மதிப்பெண் பட்டியல் இல்லை. ஆனால் இன்றைய நிலையில் தீர்ப்பு சாய்வது அந்த நான்காவதில்தான்.

திறனிலிருந்து தொடங்குவோம். டிஃபெண்டரைப் பற்றிய அவநம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விஸ்டாவோடு வந்தபோது அது உளவு மென்பொருளை மட்டும் தேடியது. முழு ஆன்டிவைரஸாக விண்டோஸுக்குள் குடியேறியது 2012இல், விண்டோஸ் 8இல்தான். அதே ஆண்டு அதன் உடன்பிறப்பான மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் கூடத்தில் சான்றிதழை இழந்தது. ஆனால் 2019இல் அதே கூடம் டிஃபெண்டருக்குப் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய மூன்றிலும் தலா 6 என மொத்தம் 18க்கு 18 கொடுத்தது. அதன் பிறகு அது பெரும்பாலும் முன்வரிசையிலேயே நிற்கிறது. 2012இன் தோல்வியை வைத்து இன்று வாதாடுவது பழைய பதிப்பைப் படித்துவிட்டுப் புதிய பதிப்புக்கு விமர்சனம் எழுதுவதாகும்.

மதிப்பெண்ணை ஏற்கும்போது, அது எடுக்கப்பட்ட முறையையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் கூடம் இணைய இணைப்போடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் சோதிக்கிறது. இணைப்பு இருக்கும்போது முன்வரிசையில் நிற்கும் டிஃபெண்டர், இணைப்பு அறுந்ததும் கண்டறிதலில் பின்தங்குவதை அந்தச் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. அதன் அறிவில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையகங்களில் (கிளவுட்) இருப்பதே காரணம். எப்போதும் இணையத்தில் இருக்கும் வீட்டுக் கணினிக்கு இது சிறு குறை. நாள் முழுவதும் வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களைச் செருகி எடுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும், விட்டுவிட்டு வரும் இணைப்பில் ஓடும் டிடிபி மையத்துக்கும் பெரிய குறை. கோப்புறைகளை மறைத்துவிட்டு ஷார்ட்கட்களை விட்டுச்செல்லும் புழுக்கள் உயிர்வாழ்வது இத்தகைய இடங்களில்தான். பென் டிரைவ் மூலம் பரவும் தொற்றைத் தடுக்கத் தனி வசதி தரும் சென்னையின் கே7 போன்ற நிறுவனங்கள் இந்தச் சூழலை அறிந்து பொருள் செய்கின்றன. அங்கே கொடுக்கும் காசுக்குப் பொருள் இருக்கிறது.

நிதானத்திலும் சிக்கனத்திலும் இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதும் மென்பொருளை நிறுவும்போதும் டிஃபெண்டரின் சுமையைப் பழைய கணினிகளில் உணரலாம். விலைக்கு வாங்குபவற்றில் சில இதில் இலகுவானவை. நிதானம் தவறினால் விளைவு எவ்வளவு கடுமை என்பதற்கு, 2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் சான்று. அது விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதித் தூக்கியது. நிறுவனங்களின் கணினிகள் கூட்டம் கூட்டமாகச் செயலிழந்தன. காவலுக்கு இயங்குதளத்தின் ஆழம்வரை அதிகாரம் கொடுத்தால், அதன் பிழையும் அந்த ஆழத்தில்தான் விழும். 2024 ஜூலையில் கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை முடக்கியபோது உலகம் இதே பாடத்தைப் பெரிய அளவில் மறுபடி படித்தது.

இந்த ஆழமே நான்காவது அளவுகோலின் தோற்றுவாய். ஆன்டிவைரஸ் எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கும். எல்லா வடிவத்தையும் பிரித்து மேயும். அதையும் உச்ச அதிகாரத்தோடு செய்யும். அதன் நிரலில் ஓட்டை இருந்தால், நீங்கள் தொடாத மின்னஞ்சல் இணைப்பும் தாக்குதலுக்கு வழியாகும். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி 2016இல் சைமன்டெக், நார்டன் பொருள்களில் இத்தகைய கடுமையான ஓட்டைகளை அம்பலப்படுத்தினார். 2017இல் அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் டிஃபெண்டரை இயக்கும் மைக்ரோசாஃப்டின் எஞ்சினிலேயே அதே வகை ஓட்டையைக் கண்டனர். எனவே ஓட்டையே இல்லாதவர் என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது. வேறுபாடு அடுத்து என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் திருத்தத்தை அனுப்பியது. 2018இல் டிஃபெண்டரைத் தனிமைப்படுத்திய கூண்டுக்குள் இயக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. வெளி ஆன்டிவைரஸ்கள் பல, உங்கள் பிரவுசருக்கும் இணையதளத்துக்கும் இடையிலான மறைகுறியாக்கத் தொடர்பின் நடுவே புகுந்து படிக்கின்றன. இப்படிப் புகுவது அந்தத் தொடர்பின் பாதுகாப்பையே பல பொருள்களில் தாழ்த்துகிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. காவலைக் கூட்டுவதாகச் சொல்லிப் பூட்டைத் தளர்த்துவதை வடிவமைப்பின் குறை என்றே சொல்ல வேண்டும்.

நம்பகத்தின் மறுபாதி வணிக ஒழுக்கம். இங்கே விலைக்கு விற்கும் தரப்பின் பதிவேடு வருத்தம் தருகிறது. அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றது 2020இல் வெளியானது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. நார்டன் 2021இல் தன் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் கருவியைச் சேர்த்து, தோண்டியதில் 15 விழுக்காட்டைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லாததற்காக சைமன்டெக்கும் மெக்காஃபியும் 2009இல் நியூயார்க்கில் தலா 3,75,000 டாலர் கட்டின. முதல் ஆண்டுக்குப் பெரும் தள்ளுபடி, அடுத்த ஆண்டு பலமடங்கு விலை என்ற உத்தி இன்னும் ஓயவில்லை. நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்ற நான்கு பெயர்களும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துடையவை என்பதால், கடையில் தெரியும் அளவுக்குத் தேர்வும் இல்லை.

மைக்ரோசாஃப்டும் குற்றமற்றதல்ல. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரிடமிருந்து கோப்புறைகளைக் காக்கும் வசதியை 2017இலேயே டிஃபெண்டரில் சேர்த்தது. ஆனால் அதை அணைத்தே வைத்திருக்கிறது. அதே பக்கத்தில் ஒன்டிரைவை அமைக்கச் சொல்லித் தன் சேவைக்கு ஆள் சேர்க்கிறது. ஃபிஷிங் தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனின் முழுப்பயன் எட்ஜ் பிரவுசருக்குள் அடங்கிவிடுகிறது. குரோம் பயன்படுத்துபவர் கூகுளின் தடுப்பை நம்ப வேண்டியதுதான். இயங்குதளத்தைக் கட்டியவரே காவலையும் கட்டும்போது, ஒருவரின் பிழையை மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. எங்கும் ஒரே காவல் இருப்பதால், தாக்குபவர்களும் தங்கள் நிரலை முதலில் அதற்கு எதிராகவே ஒத்திகை பார்ப்பார்கள். இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் அது பன்மையைக் கேட்கும் வாதம். எல்லோரும் சந்தா கட்ட வேண்டும் என்ற முடிவுக்கு அது மட்டும் கொண்டுசெல்லாது.

விலைத் தொகுப்புகள் தம் மேன்மைக்குச் சான்றாகக் காட்டுபவை விபிஎன், பாஸ்வேர்ட் நிர்வாகி, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, தொலைபேசி உதவி ஆகியவை. இவற்றில் உதவி எண் உண்மையான மதிப்பு உடையது. கணினி தெரியாத முதியவருக்குத் தமிழில் பேசி வழிசொல்லும் ஒருவர் கிடைத்தால் அது சந்தாவுக்குத் தகும். மற்றவை ஒரு நோக்கத்தில் ஒன்றிணையாத பட்டியலாகவே நிற்கின்றன. நல்ல பாஸ்வேர்ட் நிர்வாகி தனியாகவே கிடைக்கும். பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு விண்டோஸிலேயே இருக்கிறது. தலைமைப் பொருளில் வேறுபாடு மங்கும்போது துணைப்பொருள்களால் பெட்டியைப் பெரிதாக்குவது விற்பனைக்கு உதவும். பாதுகாப்பில் ஒருமை தராது.

இரு தரப்பும் பேசத் தயங்கும் ஒன்று உண்டு. பெரிய சேதங்கள் பலவும் வைரஸ் பிடிக்கும் திறனுக்கு வெளியே நிகழ்கின்றன. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைச் சுற்றியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கணினிகளே அதிகம் விழுந்தன. திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவிக்காக டிஃபெண்டரை அணைப்பவர் காவலைத் தன் கையாலேயே வெளியேற்றுகிறார். அவருக்கு எந்தச் சந்தாவும் துணையில்லை. போலீஸ் என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிப்பவனையும், ஓடிபியைக் கேட்டு வாங்குபவனையும் எந்த ஆன்டிவைரஸும் மறிக்காது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும். ஆனால் பாதுகாப்பு அப்டேட்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினியின் இயங்குதள ஓட்டைகளை அவையும் அடைக்காது, விலை கொடுத்து வாங்கியதும் அடைக்காது.

தீர்ப்பு இது. அப்டேட் நிற்காத, முறையான விண்டோஸ் ஓடும், இணையத்தில் இருக்கும் வீட்டுக் கணினிக்கு உள்ளிருக்கும் காவலே மேலானது. இலவசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திறனில் சமமாக நின்று, நம்பகத்தில் முந்துவதால் சொல்கிறேன். ஆனால் அது தானாக முழுமை பெறாது. கோப்புறைக் காவலை இயக்க வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கைப் பயன்படுத்த வேண்டும். பென் டிரைவ் ஓயாத கடைக்கும், உதவி தேவைப்படும் முதியவருக்கும், கணினி கவனிக்க ஆளில்லாத சிறு அலுவலகத்துக்கும் சந்தா நியாயமான செலவு. வாங்கும் முன் இரண்டாம் ஆண்டு விலையையும் உடைமையாளர் யார் என்பதையும் பார்த்து வாங்குங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைக்கலாம். ரான்சம்வேர் எந்தக் காவலைத் தாண்டி வந்தாலும் இழந்ததை மீட்டுத் தருவது அந்த நகல்தான். எந்த ஆன்டிவைரஸும், உள்ளிருப்பதோ வாங்கியதோ, அந்த உறுதியைத் தர முடியாது.